சந்திரனும் அண்டக் கதிரும்
(ஆம்பூர்ச் சொற்பொழிவு)



இன்று நாம் சந்திரனைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிந்த ஒரு தோழர், வரும் வழியிலேயே நம்மை நிறுத்தி, "பாலாற்றில் தண்ணீரைக் காணோம், சந்திரனில் உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. அதற்குப் பதில் சொல்லாமல் இம்மேடையை விட்டு இறங்கமாட்டோம். ஆனால் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

விஷயம் என்னவென்றால், ஆகாயத்திலிருந்து இரவும் பகலும் ஓயாமல் மிக நுண்ணிய துகள்கள் பூமியின் மேல் விழுந்து கொண்டிருக்கின்றன. இவற்றிற்கு அண்டக் கதிர் என்று பெயர். காஸ்மிக் கதிர் என்றும் சொல்லுவார்கள். கதிர் என்பது பெயரே தவிர, இது வெளிச்சமல்ல. நூற்றுக்குச் சுமார் 90 பங்கு ஹைட்ரஜன் அணுவின் கரு. மீதியில் பெரும்பகுதி ஹீலியத்தின் கரு. இரும்பு போன்ற கனத்தவையும் கொஞ்சம் உண்டு. ஆதலால் நம் ஜவ்வாது மலையிலே காவலூரில் 1986-இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியால்கூட இவற்றைப் பார்க்க முடியாது. அது வெளிச்சத்தைப் பார்க்கிற கண். இவற்றிற்கு வேறு கருவி வேண்டும்.

இப்பொழுது உங்கள் கையை நீட்டுங்கள். இத்துகள்கள் காற்றில் மோதிப் பிறந்த குஞ்சுகள், நொடிக்கு ஒன்று என்ற அளவில் உங்கள் உள்ளங்கையைத் துளைத்துக்கொண்டு போகின்றன. மேல் ஜாதிக் கை, கீழ் ஜாதிக் கை என்று அவை பார்ப்பதில்லை. தோலைத் தொட்ட கை என்று ஒதுங்கிப் போவதுமில்லை.

இவை மேலிருந்து வருகின்றன என்று எப்படித் தெரிந்தது? யாராவது ரிஷி ஞானதிருஷ்டியால் கண்டு சொன்னாரா? இல்லை. ஆஸ்திரியா தேசத்து விக்டர் ஹெஸ் என்பவர் 1912 ஆகஸ்டு 7-ந் தேதி அளவு கருவிகளோடு பலூனில் ஏறி, 5,000 மீட்டருக்கு மேலே போனார். பூமியிலிருந்து வருவதானால் உயரப் போகப்போகக் குறையவேண்டும். அளந்து பார்த்தால் கூடியது. ஆகவே மேலிருந்துதான் வருகிறது என்று முடிவு செய்தார். 1936-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

அப்படியானால் தரையிலிருந்தே பார்த்துவிட்டுப் போவதுதானே, சந்திரன் எதற்கு என்று கேட்கலாம். காற்று இலேசானது என்று நாம் நினைக்கிறோம். ஒரு சதுர மீட்டர் தரையின் மேல் நிற்கும் காற்றின் எடை சுமார் 10 டன். வருகிற துகள் அதில் மோதி உடைந்து சிதறுகிறது. நமக்குக் கிடைப்பது சிதறலே தவிர, வந்த ஆசாமி அல்ல. மேலும் பூமியின் காந்த சக்தி வலுக்குறைந்த துகள்களை வழியிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. தோல் பார்த்து வாங்குகிறவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. மயிரோடு கிடக்கும் பச்சைத் தோலில் முள் கீறலும் உண்ணி கடித்த தழும்பும் தெரிவதுண்டா? சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து, மயிரைக் களைந்து, சவ்வைச் சீவின பிறகல்லவா தோலின் யோக்கியதை வெளியாகிறது? பூமிக்குக் காற்று அப்படிப்பட்ட மூடல். சந்திரனுக்கு அம்மூடல் இல்லை. பூமியைப் போன்ற காந்தக் கவசமும் இல்லை. அங்கே வருகிற துகள் வந்தபடியே வந்து விழுகிறது.

இந்த மூடலைக் கொண்டே வேலை வாங்கினவர்களும் உண்டு. அதுவும் நமக்குப் பக்கத்திலேயே. கோலார் தங்க வயல் சுரங்கத்தில், சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில், 1965-இல் இந்திய, பிரிட்டிஷ், ஜப்பானிய விஞ்ஞானிகள் கருவி வைத்தார்கள். அவ்வளவு பாறையும் சல்லடையாக நின்று மற்றதையெல்லாம் தடுத்துவிட்டபடியால், அண்டக் கதிர் காற்றில் மோதும்போது பிறக்கும் நியூட்ரினோவின் அடையாளம் அங்கே பிடிபட்டது. உலகத்திலேயே அதை முதன்முதல் கண்டவர்களில் இவர்களும் சேர்ந்தவர்கள். அந்தக் குழியை வெட்டினவர்கள் யார்? வடார்க்காட்டு ஊர்களிலிருந்து பிழைக்கப் போன நம் பாட்டன்மார்கள் அவர்களில் பெருந்தொகையினர். 2001-இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். ஆனால் அங்கே ஆராய்ச்சிக்கு வைத்திருந்த இரும்புக் குழாய்கள் வீண் போகவில்லை. உதகமண்டலத்துக்குப் போய், 3,712 குழாய்கள் கொண்ட கிரேப்ஸ்-3 என்ற அண்டக் கதிர்ச் சாலையில் வேலை செய்கின்றன. 2015 ஜூன் 22-இல் சூரியப் புயலால் பூமியின் காந்தக் கவசம் சற்றுத் தளர்ந்தபோது, சுமார் 2 மணி நேரம் துகள் மழை கூடியதை அச்சாலைதான் கண்டு சொல்லிற்று.

அதே உதகைக் கருவி சந்திரனின் நிழலையும் பார்த்திருக்கிறது. சந்திரன் நிற்கும் திசையில் அண்டக் கதிர் குறைகிறது. சந்திரன் மறைப்பதால் குறைகிறது. அதை வைத்துத் தங்கள் கருவியின் குறி சரிதானா என்று விஞ்ஞானிகள் சோதித்துக் கொள்ளுகிறார்கள். நிழல் விழுந்தால் பாம்பு விழுங்கிற்று என்று சொன்னவன் தர்ப்பையைத் தேடினான். நிழலை அளந்தவன் கருவியைத் திருத்திக்கொண்டான்.

சரி, சந்திரனில் இதுவரை என்ன செய்தார்கள்? 1969-இல் அப்போலோ 11 கொண்டுவந்த கல்லிலும் மண்ணிலும் அண்டக் கதிர் கிழித்த நுண்ணிய தடங்கள் இருந்தன. மருந்துத் திராவகத்தில் ஊறவைத்தால் அத்தடங்கள் பெருத்துத் தெரியும். சுண்ணாம்புத் தொட்டிக்குப் பின் தோலில் தழும்பு தெரிவதைப் போலவேதான். அவற்றைப் படித்தவர்களில் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த தேவேந்திர லால் ஒருவர். பொள்ளாச்சிப் பக்கத்து மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராயிருந்த சந்திரயான்-1, 2008 அக்டோபர் 22-இல் புறப்பட்டுப் போய், பல்கேரிய நாட்டார் கொடுத்த கருவியால் வழியிலும் சந்திரனைச் சுற்றியும் கதிர்களை அளந்தது. 2019-இல் சந்திரனின் மறுபுறத்தில் இறங்கிய சீனக் கலம், அங்கே மனிதன் மேல் படக்கூடிய கதிரின் அளவு பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இருப்பதைப் போல் சுமார் 2.6 மடங்கு என்று காட்டிற்று.

ஆயினும் நிலையாக இருந்து அண்டக் கதிரைப் பார்க்கும் பெரிய சாலை ஒன்று சந்திரனில் இன்னும் கட்டப்படவில்லை. கட்டினால் இலாபம் உண்டு. விண்வெளி நிலையத்தில் 2011 முதல் இருக்கும் ஏ.எம்.எஸ். கருவியின் எடை 7,500 கிலோ. அவ்வளவையும் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். சந்திரனிலோ துகளைத் தடுத்து நிறுத்தி அளக்க அங்குள்ள மண்ணையே உபயோகிக்கலாம். கஷ்டமும் உண்டு. அங்கே இரவென்றால் நம் கணக்கில் சுமார் 14 நாள், குளிர் கொடியது, தூசியோ எல்லாவற்றிலும் ஒட்டும். மனிதன் தங்குவதானால் மண்ணுக்குள் புதைந்துதான் தங்கவேண்டும். மிக மிக வலுவான துகள்களோ ஒரு சதுர கிலோமீட்டருக்கு நூறு வருஷத்தில் ஒன்றுதான் வரும். அவற்றைப் பிடிக்கப் பூமியின் காற்றே நல்ல வலை. ஆகவே சந்திரன் வந்தால் உதகை வேண்டாம் என்று ஆகிவிடாது.

இனித் தோழரின் கேள்விக்கு வருவோம். பாலாறு கெட்டது சந்திரனுக்குச் செலவு செய்ததாலா? டேனரிக் கழிவைச் சுத்தம் செய்யாமல் விட்டதால் கெட்டது. 1996 ஆகஸ்டு 28-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னபோது, இந்தத் தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் முழுதாகவோ பாதியாகவோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்ற கணக்கு அதன் முன் இருந்தது. அக்கணக்கு எங்கிருந்து வந்தது? மாரியம்மனிடம் குறி கேட்டதிலிருந்தா? விவசாயப் பல்கலைக் கழகத்தார் ஆராய்ந்து எடுத்தது அது. அளவில்லாதிருந்தால் "எல்லாம் தலைவிதி" என்று சொல்லி நம்மை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

தோழர்களே! கண்ணுக்குத் தெரியாத துகளை நான்கு லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் போய் அளக்கத் தெரிந்த ஒரு தேசம், ஆம்பூர்க் கிணற்றுத் தண்ணீரை அளந்து சுத்தம் செய்ய வழி தெரியவில்லை என்று சாக்குச் சொல்ல முடியுமா? சந்திரன் வேண்டாம் என்பது நம் கட்சியல்ல. அந்தக் கருவியும் அந்த நாணயமும் இங்கேயும் வரவேண்டும் என்பதே நம் கட்சி.

2023 ஆகஸ்டு 23-இல் சந்திரனில் இறங்கிய சந்திரயான்-3-இன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்து ரயில்வேத் தொழிலாளியின் மகன். தோல் தொழிலாளியின் மகளும் ஏன் அந்த இடத்திற்குப் போகக்கூடாது? ஆகையால் பிள்ளைகளைக் காவலூருக்கு அழைத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். பெண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான். அடுத்த சந்திர கிரகணத்தன்று கர்ப்பிணிப் பெண்ணை அறையில் அடைத்துக் கதவைச் சாத்தாமல், வெளியே நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.