பரிசு எப்பவும் ஒரே குழுவுக்குத்தானா?

(விஸ்வநத்தம் குழுக்களின் கூட்டத்தில் பேசியது)



ஆண்டு விழாப் போட்டிக்குப் பெயர் கொடுங்கள் என்று குழு குழுவாகக் கேட்டு வந்தோம். வெடி ஆபீஸ் விட்டு வந்துகொண்டிருந்த ஒரு அக்கா, "நான் வந்து என்ன செய்ய? எப்பவும் அந்தச் சின்னப் பிள்ளைக குழுதான பரிச வாங்கிட்டுப் போகுது" என்றார். நியாயமான பேச்சு. அதனால் கடன், தவணை பேசுவதற்கு முன்னால் அமெரிக்காவில் நடக்கும் ஒரு பெண்கள் போட்டியைப் பற்றிச் சொல்கிறோம்.

அந்த விளையாட்டுக்குப் பெயர் பௌலிங். கிரிக்கெட் பௌலிங் இல்லை. வழவழப்பான பலகைத் தரையில் 60 அடி தள்ளி, பாட்டில் மாதிரி 10 கட்டைகளை முக்கோணமாக நிறுத்தியிருப்பார்கள். விரல் நுழைக்க ஓட்டை போட்ட கனமான பந்தை உருட்டி அவற்றைச் சாய்க்க வேண்டும். பந்து 7 கிலோவுக்குச் சற்று மேல் வரை இருக்கும். அவரவர் கைக்கு ஏற்ற எடையை எடுத்துக்கொள்ளலாம்.

அங்கே ஆண்கள் சங்கம் 1895-லேயே வந்துவிட்டது. பெண்களுக்கு அதில் இடமில்லை. 1916-ல் செயின்ட் லூயிஸ் நகரில் 40 பெண்கள் கூடித் தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். நம்ம கணக்கில் இரண்டு குழு, அவ்வளவுதான். அவர்கள் ஆரம்பித்த வருடாந்தரப் போட்டிக்கு 1988-ல் வந்த பெண்கள் 77,735 பேர்! 96 நாள் ஆட்டம் நடந்தது. எல்லோரும் ஒரே நாளில் வருவதில்லை. அவரவர் அணிக்குக் குறித்த நாளில் வந்து ஆடிவிட்டுப் போவார்கள்.

இத்தனை பேரும் பெரிய வீராங்கனைகளா? இல்லை. பேரன் பேத்தி எடுத்தவர்களும் வருகிறார்கள். 50 வருடம் தொடர்ந்து வந்தவர்களுக்குத் தனி மரியாதை உண்டு. காரணம் ஒரு ஏற்பாடுதான். ஊரில் வாரா வாரம் ஆடும்போதே ஒவ்வொருவர் எடுத்த புள்ளியும் நோட்டில் ஏறும். அதன் சராசரியை வைத்துப் பிரிவு பிரிப்பார்கள். சுமாராக ஆடுகிறவர் தன்னைப்போல் சுமாராக ஆடுகிறவரோடுதான் மோதுவார். ஒவ்வொரு பிரிவுக்கும் பரிசு உண்டு. வேண்டுமென்றே குறைத்துக் காட்டிப் பரிசு தட்டாமல் இருக்கவும் விதி இருக்கிறது. (நோட்டு ஒழுங்காக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.)

ஒரு கறையும் உண்டு. வெள்ளைக்காரப் பெண்கள் மட்டும்தான் உறுப்பினர் என்று அந்தச் சங்கத்திலேயே விதி இருந்தது. 1950-ல்தான் எடுத்தார்கள். ஒதுக்கப்பட்டோம் என்று தனியே வந்தவர்களே இன்னொருத்தியை ஒதுக்கியிருக்கிறார்கள். சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்கிறோம். போன விழாவில் கயிறு இழுக்கும் போட்டிக்குக் காலனிக் குழுவோடு எதிரணி சேரவில்லை. அவர்கள் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். நாங்களும் பார்த்துக்கொண்டு சும்மாதான் நின்றோம்.

ஆண்கள் சங்கமும் பெண்கள் சங்கமும் 2005-ல் ஒன்றாகிவிட்டன. ஆனாலும் பெண்கள் போட்டி தனியாகவே நடந்து வருகிறது.

இந்த வருடம் நாமும் மாற்றிப் பார்ப்போமா? விழாவுக்கு முன்னால் இரண்டு ஞாயிறு, ஆபீஸ் லீவு அன்று, பந்து எறிந்து பழகுவோம். யார் எத்தனை எடுத்தார் என்று ஊக்குநர் நோட்டில் எழுதட்டும். அதை வைத்து மூன்று பிரிவு, மூன்று பரிசு. கயிறு இழுக்க எல்லாக் குழுப் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கி, கலந்து அணி பிரிப்போம். ஆட்சேபணை இருந்தால் இங்கேயே எழுந்து சொல்லுங்கள், தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோம். வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டாம்.

பெயர்களை வரும் ஞாயிற்றுக்குள் கொடுத்துவிடுங்கள். சரி, இப்போது தவணைக்கு வருவோம்.