நேரலை ஓடிவிடும், பதிவுதான் நிற்கும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"ஏதாவது உபயோகமா பேசுப்பா, தத்துவம் எல்லாம் வேண்டாம்" என்று செயலாளர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். நான் 2011-இல் இங்கே மின்னணுவியல் முடித்து வெளியே போனவன். இணையத்தில் வீடியோ அனுப்பும் மென்பொருளில்தான் இத்தனை வருடமாக என் பிழைப்பு. ஆகவே எனக்குத் தெரிந்த ஒரு சின்ன விஷயத்தைப் பேசப்போகிறேன். மொபைலிலோ கம்ப்யூட்டரிலோ ஓடிக்கொண்டிருக்கும் நேரலையை, அந்தக் கருவியிலேயே இருக்கும் ஸ்க்ரீன் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்வது எப்படி? இதற்காக எதையும் விலைக்கு வாங்க வேண்டாம்.

"ஒரு பட்டனை அமுக்கினா முடிஞ்சது, இதுக்கு ஒரு சொற்பொழிவா?" என்று தம்பிகள் சிரிப்பது தெரிகிறது. பட்டன் என்னவோ ஒன்றுதான். அதை அமுக்குவதற்கு முன் செய்ய வேண்டியவைதான் பல.

முதலில் ஒரு பழைய கதை. 1969 ஜூலையில் அப்பல்லோ 11 சந்திரனில் இறங்கியபோது, அங்கே இருந்த கேமரா விநாடிக்கு 10 படம், படத்துக்கு 320 கோடுகள் என்ற கணக்கில்தான் அனுப்பியது. அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வேண்டியதோ விநாடிக்கு 30 படம், 525 கோடுகள். என்ன செய்தார்கள் தெரியுமா? வந்த படத்தைத் தரையில் ஒரு மானிட்டரில் ஓடவிட்டு, அதன் எதிரே டி.வி. கேமராவை நிறுத்திப் படம் பிடித்தார்கள். உலகம் பார்த்த அந்த நேரலையே ஒரு திரைப்பதிவுதான்! அசல் சிக்னல் இருந்த நாடாக்களைப் பிற்பாடு தேடினார்கள், கிடைக்கவில்லை. மறுபடி உபயோகிப்பதற்காக அழிக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு 2009-இல் நாசா வந்தது. தொலைக்காட்சிக்குப் போன ஒளிபரப்பை அங்கங்கே பதிந்து வைத்திருந்த பிரதிகளிலிருந்துதான் படத்தைச் சீர்செய்து வெளியிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் ஹனிசக்கிள் கிரீக் நிலையத்தில் ஒரு ஊழியர், தன் சொந்த சூப்பர் 8 கேமராவை மானிட்டருக்கு நேராகப் பிடித்து எடுத்த படமும் இன்றைக்கு வரலாற்று ஆவணமாக இருக்கிறது. நாசாவிலேயே அசல் தொலைந்தது என்றால், நம் வீட்டு விசேஷம் எம்மாத்திரம்?

"நெட்ல போட்டாச்சு, அது எங்கே போகும்?" என்று நாம் நினைக்கிறோம். போகும். ஃபேஸ்புக்கில் நேரலைகள் காலவரையில்லாமல் இருந்துவந்தன. 2025 பிப்ரவரி 19 முதல், புதிய நேரலைகள் 30 நாள் மட்டுமே இருக்கும், பழையவையும் முன்னறிவிப்புக்குப் பின் நீக்கப்படும் என்று அந்த நிறுவனம் அறிவித்தது. 2020, 2021-இல் கொரோனா ஊரடங்கின்போது எத்தனை கல்யாணம், எத்தனை கும்பாபிஷேகம், எத்தனை பிரிவு உபசார விழா நேரலையாக மட்டுமே நடந்தது! எடுத்து வைத்தவர்களிடம் இருக்கிறது. மற்றவர்களிடம் வெறும் லிங்க்தான் இருக்கிறது.

என் வகுப்பு நண்பன் ஒருவன் வளைகுடாவில் வேலை பார்க்கிறான். 2021 மே மாதம் அவன் அப்பா காலமானார். விமானம் இல்லை, வர வழியில்லை. ஊரில் யாரோ ஒருவர் மொபைலைப் பிடித்துக்கொண்டு நேரலை காட்டினார், அதைப் பார்த்துத்தான் அவன் அழுதான். சில மாதம் கழித்து அந்த லிங்க் திறக்கவில்லை. காட்டியவரும் சேமித்து வைக்கவில்லை. அவனுடைய அக்கா மகள், அப்போது ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்த பெண், யாரும் சொல்லாமலே தன் மொபைலில் நாற்பது நிமிஷம் ஸ்க்ரீன் ரெக்கார்டு செய்திருந்தாள். இன்றைக்கு அது ஒன்றுதான் இருக்கிறது. நடுவில், "நாளைக்கு ஆன்லைன் கிளாஸ் 9 மணிக்கு" என்று அவளுடைய வகுப்பு வாட்ஸ்அப் செய்தி தாத்தாவின் முகத்துக்கு மேலே வந்து நிற்கும். "பரவாயில்லடா, அதுவாவது இருக்கே" என்பான். எனக்கோ அதைக் கேட்கும்போதெல்லாம், அந்தப் பெண்ணுக்கு யாராவது இரண்டு வார்த்தை சொல்லிக் கொடுத்திருக்கலாமே என்று தோன்றும். இன்றைக்கு நான் சொல்லப்போவது அந்த இரண்டு வார்த்தைதான்.

அந்தச் செய்தி ஏன் படத்துக்கு மேல் வந்தது? கொஞ்சம் எஞ்சினியரிங் பேசுவோம். கேமரா எடுக்கும் காட்சியைச் சுருக்கி சர்வருக்கு அனுப்புகிறோம். சர்வர் அதைச் சில விநாடிகள் கொண்ட சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் வைத்துக்கொள்கிறது. ஆப்பிள் 2009-இல் கொண்டுவந்த ஹெச்.எல்.எஸ். முறை இப்படித்தான் வேலை செய்கிறது. உங்கள் மொபைல் நெட்வொர்க்கின் வேகத்தைப் பார்த்து, எந்தத் தரம் தாங்குமோ அந்தத் துண்டை வாங்கி விரித்துத் திரையில் வரைகிறது. ஸ்க்ரீன் ரெக்கார்டர் அந்தத் துண்டுகளைத் தொடுவதே இல்லை. திரையில் கடைசியாக என்ன தெரிகிறதோ அதை எடுத்து மறுபடி சுருக்கி ஃபைலாக்குகிறது. ஜெராக்ஸ் நோட்ஸை இன்னொரு தடவை ஜெராக்ஸ் எடுக்கிற மாதிரி!

இதிலிருந்து மூன்று விஷயம் புரியும். திரையில் எது வந்தாலும், வாட்ஸ்அப் செய்தி, சுற்றும் வட்டம், பேட்டரி எச்சரிக்கை, எல்லாம் பதிவாகும். நெட்வொர்க் தடுமாறி 240-க்கு இறங்கினால், பதிவும் அந்த மங்கலோடுதான் இருக்கும். 360-இல் வந்த படத்தை 1080 திரையில் பதிந்தால் ஃபைல் பெரிதாகும், தெளிவு கூடாது. தண்ணீர் கலந்த பாலைப் பெரிய பாத்திரத்தில் ஊற்றினால் கெட்டியாகுமா?

இனி கருவிகள். ஐஃபோனில் 2017-இல் ஐ.ஓ.எஸ். 11-உடன் இது வந்தது. கண்ட்ரோல் சென்டரில் வட்டத்துக்குள் வட்டமாக ஒரு பட்டன். அமுக்கினால் மூன்று விநாடி எண்ணிவிட்டுத் தொடங்கும். அதையே அழுத்திப் பிடித்தால் மைக்கை ஆன், ஆஃப் செய்யலாம். ஆண்ட்ராய்டில் சில கம்பெனிகள் முன்பே தங்கள் மொபைலில் வைத்திருந்தாலும், 2020-இல் ஆண்ட்ராய்டு 11-இல்தான் அது பொதுவாக வந்தது. மேலிருந்து இழுக்கும் குவிக் செட்டிங்ஸில் இருக்கும். விண்டோஸ் 10-இல் கேம் பார் என்ற வசதி உண்டு. விண்டோஸ், ஆல்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் திறந்திருக்கும் ஜன்னல் பதிவாகும். விண்டோஸ் 11-இல் ஸ்னிப்பிங் டூலிலேயே வீடியோ பதிவு வந்துவிட்டது. மேக்கில் 2018 முதல் கமாண்ட், ஷிஃப்ட், 5.

பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம் ஒலிதான். எங்கள் அப்பா காலத்தில் ரேடியோவுக்கு எதிரே டேப் ரெக்கார்டரை வைத்துப் பாட்டுப் பதிவார்கள். நடுவில் "சாப்பிட வாங்க" என்று அம்மா கூப்பிடுவதும் சேர்ந்து பதிவாகும். மைக்கை ஆன் செய்து நேரலையைப் பதிந்தால் இன்றைக்கும் அதே கதைதான். ஆண்ட்ராய்டில் மைக் ஒலியா, கருவியின் உள் ஒலியா, இரண்டுமா என்று கேட்கும். உள் ஒலியைத் தேர்ந்தெடுங்கள். ஐஃபோனில் மைக் ஆஃபில் இருக்கட்டும். மேக்கில் அந்தக் கருவி வெளிவந்தபோது மைக் ஒலியை மட்டுமே பதிந்தது. ஆகவே மேக்காரர்கள் முன்கூட்டியே சோதித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று. ஆண்ட்ராய்டு 10 முதல், தன் ஒலியைப் பிற செயலி பதியக்கூடாது என்று ஒரு செயலி மறுக்கலாம். அப்போது படம் ஓடும், சத்தமே இருக்காது. இது நேரலை முடிந்தபின் தெரிந்து என்ன பயன்?

அதனால் நான் சொல்லும் முதல் விதி இது. ஒரு நிமிஷம் பதிந்து, நிறுத்தி, போட்டுக் கேளுங்கள். அதன்பிறகே உண்மையான பதிவைத் தொடங்குங்கள். மற்றவை எளியவை. டு நாட் டிஸ்டர்ப் போடுங்கள். சார்ஜரைச் செருகுங்கள். திரை தானாக அணையும் நேரத்தை நீட்டுங்கள். மொபைலைப் படுக்கவைத்து, படம் முழுத்திரைக்கு வந்தபின் பட்டனை அமுக்குங்கள். ஐந்து நிமிஷம் முன்னதாகவே ஆரம்பியுங்கள். விண்டோஸில் அதிகபட்சப் பதிவு நேரம் என்று ஒரு வரம்பு உண்டு, அதைப் பார்த்துவிடுங்கள்.

தரத்தைத் தானியங்கியில் விடுவதா, நாமே வைப்பதா என்று கேட்பார்கள். கரும்பலகையில் எழுதும் வகுப்பு என்றால் 720-இல் நிறுத்துங்கள். நடுவில் இரண்டு தடவை நின்றாலும், எழுத்து படிக்க வேண்டும். கச்சேரி என்றால் கொஞ்சம் குறைத்து வையுங்கள். அங்கே படம் மங்கலாம், பாட்டு அறுபடக்கூடாது.

இடக் கணக்கும் முக்கியம். விநாடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 3600 மெகாபைட், அதாவது 3.6 ஜி.பி. மூன்று மணி நேர விழாவுக்குப் பதினோரு ஜி.பி. காலியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தாலி கட்டும் நேரத்தில் "இடம் போதவில்லை" என்று வரும்! பிற்பாடு எடிட் செய்யும்போது உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் போனால் பயப்படாதீர்கள். மொபைல் பதிவில் ஃபிரேம் வேகம் சீராக இருக்காது. ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் சீரான வேகத்துக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

"அண்ணே, சில ஆப்ல ரெக்கார்டு பண்ணா கறுப்பாத்தான் வருது, ஏன்?" என்று ஒரு தம்பி காலையில் கேட்டார். கட்டணம் வாங்கும் சேவைகள் படத்தைப் பூட்டி அனுப்புகின்றன. கூகுளின் வைட்வைன், ஆப்பிளின் ஃபேர்பிளே எல்லாம் அந்தப் பூட்டுகள். வைட்வைனின் உயர்ந்த பாதுகாப்பு நிலையில் பூட்டைத் திறப்பது சிப்புக்குள்ளே, மற்ற மென்பொருள் எட்டிப் பார்க்க முடியாத தனி அறையில் நடக்கிறது. ரெக்கார்டருக்குக் கிடைப்பது வெறும் கறுப்பு. அதை உடைக்க வழி கேட்டு என்னிடம் வராதீர்கள். நம் காப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு இத்தகைய பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது.

பூட்டில்லாததை எல்லாம் எடுக்கலாமா? அமெரிக்காவில் 1984-இல் சோனி பீட்டாமேக்ஸ் வழக்கில், பிற்பாடு பார்ப்பதற்காக வீட்டில் டி.வி. நிகழ்ச்சியைப் பதிவது நியாயமான உபயோகமே என்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. நம் 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும், ஆராய்ச்சி உட்படச் சொந்த உபயோகத்துக்கான நியாயமான கையாளலுக்கு இடம் தருகிறது. அதை வைத்துக்கொண்டு அடுத்தவர் கச்சேரியை உங்கள் சேனலில் ஏற்றினால் கதை வேறு. சட்டத்துக்கு அப்பால் மரியாதை என்று ஒன்றும் உண்டு. வீடியோ அழைப்பில் பேசுபவரை, வகுப்பில் கேள்வி கேட்கும் மாணவியை, சொல்லாமல் பதியாதீர்கள். "பதிவு பண்றேன், சரிதானே?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இவ்வளவு சொன்னவன் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்க்ரீன் ரெக்கார்டிங் மூன்றாவது வழிதான். முதல் வழி, நேரலை செய்பவரே கேமராவில் அசலைப் பதிவது. இரண்டாவது, அவரிடமிருந்து ஃபைலைக் கேட்டு வாங்குவது. யூடியூபில் 12 மணி நேரத்துக்குக் குறைவான நேரலை பொதுவாகத் தானாகவே சேமிக்கப்படும், உரிமையாளர் அதை இறக்கிக்கொள்ளலாம். இந்த இரண்டுக்கும் உத்தரவாதம் இல்லாத இடத்தில், நம் கையில் இருக்கும் மொபைலே காப்பு. எப்படி இருந்தாலும், "இதைப் பதிவது யார் பொறுப்பு?" என்ற கேள்வியை விழா முடிந்தபின் கேட்டால் ஒருவரும் கையைத் தூக்க மாட்டார்கள். அழைப்பிதழ் அடிக்கும்போதே கேட்க வேண்டும்.

ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்று. நம் கல்லூரியில் நடக்கும் ஒவ்வொரு நேரலைக்கும் இரண்டு மாணவர்களைப் பெயர் சொல்லி நியமியுங்கள். இருவரும் வேறு வேறு நெட்வொர்க்கில் இருக்கட்டும். முடிந்த அன்றைக்கே முதல் நிமிஷம், நடு, கடைசி மூன்றையும் ஓட்டிப் பார்த்து, தேதி, நிகழ்ச்சி, பேசியவர் பெயர் போட்டு இரண்டு பிரதி எடுக்கட்டும். ஒன்று கல்லூரியில், ஒன்று வெளியே. ஓய்வுபெறப் போகும் நம் பேராசிரியர்களின் கடைசி வகுப்புகளிலிருந்து இதைத் தொடங்கலாம். அந்த வகுப்புகளைக் கேட்டுத்தான் நாங்கள் எல்லாம் வேலைக்குப் போனோம். நாங்கள் படித்த காலத்தில் அவற்றை யாரும் பதியவில்லை. இனி வரும் பிள்ளைகளுக்காவது அந்தக் குரல் கிடைக்கட்டும்.