படக் கோப்பும் அதன் திறவுகோலும்



நம் விழாப் படங்களை எவ்வடிவில் காப்பது? ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு வண்ணத்திற்கும் 256 படிகளே உண்டு. 14 பிட் ‘ரா’ கோப்போ 16,384 படிகளைத் தாங்கும். மேடை விளக்கு போதாமல் (அது நம் வழக்கமன்றோ!) மங்கிய முகத்தையும் பின்னர் மீட்கலாம். ஆயினும் நிக்கானின் என்.இ.எஃப்., கேனனின் சி.ஆர்.3 ஆகியவற்றின் திறவுகோல் அந்தந்த நிறுவனத்தாரிடமே உள்ளது. அடோபி 2004இல் வெளியிட்ட டி.என்.ஜி.யின் இலக்கணமோ யாவர்க்கும் பொது. மாற்றுகையில் காமிரா பதித்த சில குறிப்புகள் உதிரக்கூடும், மெய்தான். ஆனால் இன்று இங்கே பாடிய குழந்தைகள் தம் மக்களுக்குக் காட்டவேண்டிய படங்கள் இவை. ஆதலின் டி.என்.ஜி.யையே வேண்டுகிறேன். மூலக் கோப்பை மட்டும், மாற்றிய படத்தைத் திறந்து பார்க்கும் முன் அழித்துவிடாதீர்கள்.