ஊதா வழிஞ்சா சுத்தமாயிடுச்சா? வீல் கிளீனரும் அயர்ன் ரிமூவரும்

போன தடவை கார் வாஷ் பத்திப் பேசினதுக்கு அப்புறம் வந்த மெசேஜ்கள்ல ஒண்ணை மட்டும் இன்னைக்கு எடுத்துக்கலாம்னு இருக்கேன். ஒரு நண்பர் கேட்டிருக்கார்: "ப்ரோ, வீல் கிளீனர்னு ஒண்ணு விக்கிறாங்க, அயர்ன் ரிமூவர்னு ஒண்ணு விக்கிறாங்க. ரெண்டும் அடிச்சா ஊதா கலர்ல வழியுது. ரெண்டும் ஒண்ணுதானா? நான் அயர்ன் ரிமூவரை வாரா வாரம் அடிக்கிறேன். ஊதா நல்லா வருது, ஆனா ரிம்முக்கு உள்பக்கம் இருக்கிற பிரவுன் கறை போகவே மாட்டேங்குது."

நல்ல கேள்வி. ரெண்டும் ஒண்ணு இல்லை. ஆனா ரெண்டையும் கலந்து ஒரே பாட்டில்ல விக்கிறதும் உண்டு, குழப்பமே அங்கதான் ஆரம்பிக்குது. இதைப் பிரிச்சுப் பார்க்க, முதல்ல வீல் மேல ஒட்டியிருக்கிறது என்னன்னு பார்க்கணும்.

உங்க காரைப் போய்ப் பாருங்க. நம்ம ஊர்ல ஓடுற நிறைய ஹேட்ச்பேக்ல முன்னாடி டிஸ்க் பிரேக், பின்னாடி டிரம். ஒரு வாரம் ஓட்டிட்டுப் பார்த்தா முன் வீல் ரெண்டும் கறுத்துப் போயிருக்கும், பின் வீல்ல சாதாரணத் தூசி மட்டும்தான் இருக்கும். ரெண்டும் ஒரே ரோட்டுலதான் ஓடுச்சு. அப்போ அந்தக் கறுப்பு ரோட்டுல இருந்து வரலை, பிரேக்ல இருந்து வருது. டிரம்முக்குள்ள தேயுற தூசி பெரும்பாலும் உள்ளேயே தங்கிடும். டிஸ்க் திறந்து கிடக்கிறதால தேயுறது எல்லாம் நேரா ரிம் மேல தெறிக்கும்.

டிஸ்க்னு நாம சொல்றது வார்ப்பிரும்பு, 90 சதவீதத்துக்கு மேல இரும்புதான். அதைப் பிடிக்கிற பேட்ல நிறைய சமாச்சாரம் இருக்கு: இரும்பு நார், கிராஃபைட், பாரைட்னு ஒரு கனிமத் தூள், இது எல்லாத்தையும் ஒட்டி வைக்க ஃபீனாலிக் ரெசின். பிரேக் பிடிக்கும்போது ரெண்டும் தேயுது. சூடான இரும்புத் துணுக்கு ரிம்மோட கிளியர் கோட்ல போய்க் குத்தி உட்காருது. சென்னை மாதிரி ஈரக்காத்து இருக்கிற ஊர்ல அது அங்கேயே துருப்பிடிக்கும். வெள்ளைக் காரை ரயில்வே டிராக் ஓரமா நிறுத்துறவங்க கதவுல குட்டிக் குட்டியா ஆரஞ்சுப் புள்ளி பார்த்திருப்பீங்க. அதுவும் இதே கதைதான். ரயில் சக்கரமும் தண்டவாளமும் தேய்ஞ்சு பறக்கிற இரும்பு.

இந்த இரும்புக்காகச் செஞ்சதுதான் அயர்ன் ரிமூவர். உள்ளே இருக்கிற ஆளோட பேரு தயோகிளைகோலேட். அடிச்ச உடனே அழுகின முட்டை மாதிரி ஒரு நாத்தம் வருதே, அது இதோட கந்தக வாசனைதான். பியூட்டி பார்லர்ல முடியைச் சுருள வைக்கிற லோஷன்லயும், நிறைய ஹேர் ரிமூவல் கிரீம்லயும் இதே குடும்பம்தான் இருக்கு. துரு தண்ணியில கரையாது. தயோகிளைகோலேட் போய் இரும்போட சேர்ந்து, தண்ணியில கரையுற ஒரு கூட்டுப்பொருளா அதை மாத்துது. அந்தக் கூட்டுப்பொருளோட நிறம்தான் நீங்க பார்க்கிற ஊதா. தேய்க்காம, கீறாம, குத்தி உட்கார்ந்த இரும்பை வெளியே எடுக்க இது உண்மையிலேயே அருமையான வழி.

வீல் கிளீனர் வேற ஜாதி. அது அடிப்படையில சோப்பு வேலை பார்க்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு, ரோட்டு அழுக்கு, பேட்ல இருந்து வர்ற கரித்தூள், ரெசின் இதையெல்லாம் ஊற வச்சுத் தூக்கிட்டு வரணும். சிலது நியூட்ரல் சோப்பு, சிலது காட்டமான காரம், சிலது ஆசிட். மூணாவதா, நியூட்ரல் சோப்புல கொஞ்சம் தயோகிளைகோலேட் கலந்தது. சோனாக்ஸ் மாதிரி பிராண்டுல கலர் மாறுற வீல் கிளீனர் கிடைக்குதே, அது இந்த வகை. கார்ப்ரோ அயர்ன் எக்ஸ் மாதிரி பாட்டில், இரும்பையே குறி வச்சு வர்றது.

இப்ப அந்த ஊதாவுக்கு வருவோம். எங்க வேலையில ஒரு வியாதி உண்டு. லாக்ல "சக்சஸ்"னு ஒரு வரி வந்துட்டா டிக்கெட்டை மூடிடுவோம். அந்த வரி எதைச் சொல்லுதுன்னு படிக்கவே மாட்டோம். ஊதாவும் அப்படி ஒரு லாக் மெசேஜ். "இங்க இரும்பு இருக்கு, நான் அதோட சேர்ந்துட்டேன்"னு மட்டும்தான் அது சொல்லுது. வீல் சுத்தமாயிடுச்சுன்னு சொல்லலை. இன்னும் வேடிக்கை, ரிம்முக்குப் பின்னாடி இருக்கிற பிரேக் டிஸ்க்கே இரும்புதானே? அது மேல நாலு துளி பட்டாலே ஊதா வழியும். காரைக் கழுவின மறுநாள் டிஸ்க் மேல லேசா படியுற துரு போதும். ரீல்ஸ்ல ஊதா ஆறா ஓடுதேன்னு பார்த்து மயங்குறீங்களே, அதுல பாதி டிஸ்க்ல இருந்து வர்றதா இருக்கலாம். வீடியோ எடுக்கிறவருக்குக் கலர் வேணும், உங்களுக்கு ரிம் சுத்தமாகணும். ரெண்டும் வேற வேற தேவை.

அந்த நண்பரோட பிரவுன் கறைக்கும் இதுதான் என் பதில். வாரா வாரம் அடிச்சும் போகலைன்னா அது இரும்பா இருக்க வாய்ப்பு கம்மி. ரெசினும் கரியும் சூட்டுல வெந்து படிஞ்ச படலமா இருக்கலாம். அதுல இரும்பே இல்லாத இடத்துல தயோகிளைகோலேட் ஒண்ணும் செய்யாது. இல்லைன்னா தார். இல்லைன்னா போர் தண்ணி உப்பு. கண்டுபிடிக்கிறது சுலபம். கழுவிக் காய்ஞ்ச ரிம்ல, டிஷ்யூல கொஞ்சம் தார் ரிமூவர் நனைச்சு ஒரு ஓரமா ஒத்தி எடுங்க. டிஷ்யூ பிரவுன் ஆச்சுன்னா தார், பிசுக்கு. வெள்ளையா வளையம் வளையமா இருந்தா வினிகர் ரெண்டு சொட்டு, அரை நிமிஷம், அப்புறம் தண்ணி. போச்சுன்னா உப்பு. எதுக்குமே அசையலைன்னா கிளியர் கோட்டே அரிச்சுப் போயிருக்கலாம். அதுக்கு எந்த பாட்டிலும் இல்லை, பாலிஷ் இல்லைன்னா ரீபெயின்ட்தான்.

எதுக்கு இவ்வளவு பிடிவாதமா இதைப் பேசறேன்னா, "அயர்ன் ரிமூவர் வேலை செய்யலை"ன்னு முடிவு பண்றவங்க அடுத்துப் போறது ஆசிட்டுக்கு.

எங்க ஏரியாவுல ஒரு வாட்டர் வாஷ் கடை. போன மாசம் போயிருந்தேன். எனக்கு முன்னாடி நின்ன காரோட வீலுக்கு ஒருத்தர் அஞ்சு லிட்டர் கேன்ல இருந்து ஏதோ எடுத்து பிரஷ்ல தடவிட்டிருந்தார். கேன்ல லேபிள் இல்லை, கையில கிளவுஸ் இல்லை. "அண்ணே, இது என்ன?"ன்னு கேட்டேன். "அலாய் ஆசிட் சார். தடவுனா ஒரே நிமிஷம், பளிச்சுன்னு ஆயிடும்"னார். என்ன ஆசிட்னு கேட்டேன். "அது ஓனருக்குத்தான் தெரியும்"னார். ஓனர் கிட்டக் கேட்டா, "டீலர் குடுக்கிறது தம்பி, எல்லாரும் அதைத்தான் அடிக்கிறாங்க"ன்னார். கிளவுஸ் பத்திக் கேட்டேன். "வாங்கிக் குடுத்தாலும் போட மாட்டாங்க, கன் பிடிக்க வழுக்குதாம்." அந்த அண்ணன் விரல் நுனி எல்லாம் வெளுத்துத் தோல் உரிஞ்சிருந்தது. என் காருக்கு வெறும் ஷாம்பூ போதும்னு சொல்லிட்டேன். அது என் ரிம்மைக் காப்பாத்துச்சு. அவர் கையை இல்லை.

அந்தக் கேன்ல பாஸ்பாரிக் இருக்கலாம், ஹைட்ரோகுளோரிக் இருக்கலாம். பயப்பட வேண்டியது ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட். லேபிள்ல அமோனியம் பைஃபுளோரைடுன்னு இருந்தாலும் அதே வீட்டுப் பிள்ளைதான். வீல் கிளீனர்கள்ல இது பயன்பாட்டுல இருந்திருக்கு, கண்ணாடியையே அரிக்கும். நீர்த்த நிலையில தோல்ல பட்டா உடனே எரியாம இருக்கலாம், சில மணி நேரம் கழிச்சுத்தான் வலி ஆரம்பிக்கும். அதுக்குள்ள உள்ளே இறங்கி உடம்புல இருக்கிற கால்சியத்தோட சேர்ந்துடும். பட்டுட்டா நிறைய தண்ணியில விடாம கழுவிட்டு, வலி வர்ற வரைக்கும் காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குப் போகணும். எந்த ஆசிட்னு டாக்டர் கிட்டப் பேரைச் சொல்லணும். இதுக்குன்னே கால்சியம் குளுக்கோனேட் ஜெல் இருக்கு. கேன்ல பேரே இல்லைன்னா அந்த அண்ணன் என்னன்னு சொல்வார்?

ரிம்முக்கும் ஆசிட் ஆகாது. உங்க டாப் வேரியன்ட்ல டயமண்ட் கட் அலாய் இருக்கும். முகத்தை மெஷின்ல சீவி, மேல மெல்லிசா கிளியர் கோட் போட்டது. பிளாட்பாரத்துல ஒரு தடவை உரசி கோட் பேந்திருந்தா, அந்த வழியா ஆசிட் உள்ளே போகும். அப்புறம் கோட்டுக்கு அடியில புழு ஊர்ந்த மாதிரி வெள்ளைக் கோடு படரும். சரி பண்ண மறுபடியும் சீவணும், ஒவ்வொரு தடவையும் உலோகம் குறையும்.

காட்டமான காரமும் சளைச்சதில்லை. அலுமினியம் ஆசிட்லயும் கரையும், காரத்துலயும் கரையும். அலுமினியப் பாத்திரத்துல புளி வைக்காதேன்னும், வாஷிங் சோடா போட்டுத் தேய்க்காதேன்னும் வீட்டுல சொல்றது இதுக்காகத்தான். பி.எச். 7க்கும் 13க்கும் ஆறு படிதானேன்னு தோணும். காரத்தன்மையில அது பத்து லட்சம் மடங்கு வித்தியாசம். பி.எச். பேப்பர் வாங்கி வச்சுக்கங்க. பாட்டில் முன்பக்கம் என்ன எழுதியிருந்தாலும் பேப்பர் உண்மையைச் சொல்லிடும். ஒண்ணு மட்டும், நியூட்ரல்னா பாதுகாப்புன்னு அர்த்தம் இல்லை. அயர்ன் ரிமூவர் நியூட்ரலா இருந்தாலும் தயோகிளைகோலேட் தோலுக்கு ஒத்துக்காது, சிலருக்கு அலர்ஜி வரும். நைட்ரைல் கிளவுஸ் போடுங்க, காத்தோட்டமான இடத்துல அடிங்க. மூடின பேஸ்மென்ட் பார்க்கிங் வேண்டாம்.

நான் பண்றது இதுதான். காலையில, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி. ரிம்மைத் தொட்டா சூடா இருக்கக் கூடாது. முதல்ல தண்ணி, அப்புறம் நியூட்ரல் வீல் கிளீனரோ சாதா கார் ஷாம்பூவோ, மெத்து பிரஷ். பிசுக்கு போனாத்தான் அயர்ன் ரிமூவருக்கு இரும்பு எட்டும். மேல படலம் இருக்கும்போதே அடிச்சா காசு வழியுறதைத்தான் பார்க்கலாம். தண்ணி வடிஞ்சதும் அயர்ன் ரிமூவர், மூணு நாலு நிமிஷம். காய விடவே கூடாது. நல்லா கழுவிட்டு, காரை எடுத்து மெதுவா ஓட்டி நாலு தடவை பிரேக்கை லேசா அழுத்துங்க, டிஸ்க் காயணும்.

வாரா வாரம் ஷாம்பூ போதும். அயர்ன் ரிமூவர் வருஷத்துக்கு ரெண்டு, மூணு தடவை. ஐரோப்பிய கார் வச்சிருக்கவங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட, அதுல வர்ற பேட் பொதுவா அதிகமா தூசி தட்டும். இ.வி. வச்சிருக்கீங்களா? ரீஜென் பிரேக்கிங் இருக்கிறதால உங்களுக்கு இந்தத் தொல்லை கம்மி. ஸ்டீல் ரிம், மேல பிளாஸ்டிக் கப் போட்ட காரா இருந்தா ஷாம்பூவோட நிறுத்திக்கங்க. பெயின்ட் பேந்த ஸ்டீல் ரிம்ல அடிச்சா ரிம்மே ஊதாவா அழும், ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஒரே ஒரு பாட்டில் தான் வாங்க முடியும்னா எது? அயர்ன் ரிமூவர் வேண்டாம், நியூட்ரல் வீல் கிளீனர் வாங்குங்க. கலர் மாறுற வகைன்னா நல்லது, மாறலைன்னாலும் பரவாயில்லை. வாட்டர் வாஷுக்கு விடுறவங்க, அந்த பாட்டிலையும் ஒரு ஜோடி கிளவுஸையும் கையோட எடுத்துட்டுப் போங்க. "அண்ணே, என் வீலுக்கு இதை மட்டும் அடிங்க"ன்னு சொல்லிக் குடுங்க. போன வாரம் நான் அப்படிக் குடுத்தேன். அந்த அண்ணன் முதல்ல சிரிச்சார், அப்புறம் போட்டுக்கிட்டார். ரெண்டாவது வீலுக்கு வரும்போது ஒரு கையில கழட்டிட்டார். அடுத்த தடவை சைஸ் பெருசா வாங்கணும்.

தார் ரிமூவர் பத்தி நிறைய பேர் கேட்டிருக்கீங்க, அது அடுத்த எபிசோட்ல. உங்க ரிம்ல அந்த டிஷ்யூ டெஸ்ட் பண்ணிட்டு என்ன வந்துச்சுன்னு எழுதுங்க.