பிராட்வேயும் பிரகாசம் சாலையும்: தலைமை உரை



என் ஆசிரியர்கள் இருவர் முன்வரிசையில் அமர்ந்திருக்க, என்னைத் தலைமை தாங்கச் சொல்லியிருக்கிறீர்கள். பெருமைதான், கொஞ்சம் உதறலும் இருக்கிறது. கருத்தரங்கின் பொருள் நகரத் தெருக்களும் அவற்றின் பெயர்களும். மவுண்ட் ரோடு அண்ணா சாலையானதையும், எம்.ஜி.ஆர். ஆட்சியில் தெருப்பெயர்களிலிருந்து சாதி ஒட்டுகளை நீக்கியதையும் இந்த அவைக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பிற்பகல் அமர்வுகள் அவற்றைக் கவனித்துக்கொள்ளும். எனக்குத் தந்த நேரத்தை ஒரே தெருவில் செலவழித்துவிடுகிறேன், பொறுத்தருள்க.

அந்தத் தெரு பிராட்வே. முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் நடுவே ஓடிய வடிகால் பள்ளத்தைத் தூர்த்து, பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் தெருவாக்கியவர் ஸ்டீபன் பாப்பம் என்ற வழக்கறிஞர். 1778இல் சென்னைக்கு வந்தவர். நகரக் காவலுக்கு அவர் தீட்டிய திட்டத்தில் வடிகால், தெருவிளக்கு, பிறப்பு இறப்புப் பதிவு எல்லாம் உண்டு. தெருக்களுக்குப் பெயர் வைக்க வேண்டும் என்பதும் அதில் ஓர் அம்சம். அப்படிக் கேட்டவரின் பெயரே ஊரார் வாயில் நிற்கவில்லை. வரைபடத்தில் ‘பாப்பம்ஸ் பிராட்வே’ என்றிருந்தது, பேச்சில் வெறும் பிராட்வே ஆயிற்று.

பிறகு தெருவுக்குப் பிரகாசம் சாலை என்ற பெயர் வந்தது. இங்கேதான் என் பழைய வழக்கு. நான் பெரிதும் மதிக்கும் மூத்த ஆய்வாளர் ஒருவர், இப்பெயருக்கும் இடத்துக்கும் தொடர்பே இல்லை, ஒட்டவைத்த பெயர் என்று எழுதினார். இன்றும் பலர் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். பெயருக்குரிய டங்குடூரி பிரகாசம் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொழில் நடத்திய பாரிஸ்டர். 1928இல் சைமன் குழு எதிர்ப்பின்போது போலீஸ் துப்பாக்கிக்கு முன் மார்பைத் திறந்து காட்டி நின்றது பாரிமுனைப் பக்கத்தில். தெருவின் தெற்கு முனையிலிருந்து நடந்தே போய்விடலாம். இதற்கு மேல் என்ன தொடர்பு வேண்டும் என்று அப்போதே கேட்டேன். பதில் இன்னும் வரவில்லை. அவர் உடல்நலத்தோடு இருக்க வேண்டுமென்பதே என் பிரார்த்தனை.

பெயர் மாற்றத்தை வரவேற்கும் நண்பர்களிடமும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. பெயர் மாறியதும் காலனியம் ஒழிந்தது என்று எழுதுகிறார்கள். பேருந்துக்காரர் இன்றும் ‘பிராட்வே, பிராட்வே’ என்றுதான் கூவுகிறார்.

இரு தரப்பும் பார்ப்பது பெயர்ப்பலகையை, அதற்கு முந்தைய காலத்துக்கு எச்.டி. லவ் 1913இல் வெளியிட்ட ‘வெஸ்டிஜஸ் ஆஃப் ஓல்ட் மெட்ராஸ்’. அருமையான நூல்தான். ஆனால் லவ் 1800இல் நிறுத்திக்கொண்டார், நாமும் அங்கேயே நின்றுவிட்டோம். அதற்குப் பின் அந்தத் தெருவை அங்கே குடியிருந்தவர்கள் என்ன சொல்லி அழைத்தார்கள்? விடை பத்திரங்களில் கிடக்கிறது.

1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 21ஆம் பிரிவை எத்தனை வரலாற்றாசிரியர்கள் படித்திருக்கிறோம்? நகரத்து வீட்டைப் பதியும்போது அது எந்தத் தெருவைப் பார்த்திருக்கிறது, தெருவின் எந்தப் பக்கம், இப்போது யார் வசம், முன்பு யார் வசம் என்றெல்லாம் குறிக்கச் சொல்கிறது அந்தப் பிரிவு. ஒவ்வொரு கிரயமும் ஒரு தெருப்பெயர்ச் சான்று என்று இதற்குப் பொருள். சொத்தின் நான்கு எல்லைகளைச் சொல்லும் சக்குபந்தியைப் பாருங்கள்: வடக்கே இன்னார் வீடு, தெற்கே சந்து, கிழக்கே தெரு. தாய்ப்பத்திரத்தோடு ஒத்துப்போக வேண்டுமே என்ற கவலையில் பத்திர எழுத்தர் பழைய பெயரை எளிதில் கைவிடுவதில்லை. புதுப்பெயரோடு ‘என்கிற’ போட்டுச் சேர்த்துக்கொள்வார். வாசலில் பழைய எண்ணும் புதிய எண்ணும் சேர்த்து எழுதுகிற ஊர்தானே நம்முடையது! அரசாணை ஒரு பெயர் எந்த நாளில் பிறந்தது என்று சொல்லும். அதை மக்கள் எப்போது ஏற்றார்கள், ஏற்றார்களா என்பதைச் சக்குபந்திதான் சொல்லும். சொத்தை இழக்க யாரும் விரும்புவதில்லை, ஆகவே அங்கே உணர்ச்சிவசப்பட்டு யாரும் பெயர் எழுதுவதில்லை.

பத்திரம் தனியார் சொத்து, எப்படிப் பார்ப்பது என்று சென்ற கருத்தரங்கில் ஒருவர் கேட்டார். அசையாச் சொத்து ஆவணங்கள் ஏறும் முதற்புத்தகத்தைக் கட்டணம் செலுத்தி எவரும் பார்க்கலாம் என்கிறது அதே சட்டத்தின் 57ஆம் பிரிவு. இளம் ஆய்வாளர்களே, அடுத்த முறை தெருப்பெயர் பற்றிக் கட்டுரை அனுப்பும்போது லவ்வோடு ஒரு சக்குபந்தியையும் இணைத்து அனுப்புங்கள்.