கேஸ் ஷீட்டில் முடங்கும் சாட்சியம்

மனநல சமூகப் பணியாளரின் வேலை நோயாளிக்கும் குடும்பத்துக்கும் ஆலோசனை சொல்வதோடு முடிந்துவிடுகிறது என்ற எண்ணம் மருத்துவமனைகளில் வேரூன்றியிருக்கிறது. அது தவறான எண்ணம். நோயாளிக்குத் தீங்கு செய்யும் எண்ணமும்கூட.

பெங்களூரு ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக்கு ராய்ச்சூரிலிருந்தும் வருகிறார்கள், கிருஷ்ணகிரியிலிருந்தும் வருகிறார்கள். மாத்திரை தீர்ந்து மறுபடி வர வேண்டுமென்றால் நோயாளியின் கூலி போகும், துணைக்கு வருபவரின் கூலியும் போகும், பஸ் செலவு வேறு. பணமில்லாத மாதத்தில் மாத்திரை நிற்கிறது. நோய் திரும்புகிறது. கேஸ் ஷீட்டில் ஏறுவதோ 'மருந்தை ஒழுங்காகச் சாப்பிடவில்லை' என்ற ஒரு வரி. உள்ளூர் அரசு ஆஸ்பத்திரியில் அந்த மாத்திரை இருப்பில் இல்லை என்ற உண்மை எந்தத் தாளிலும் ஏறுவதில்லை. வீட்டு நிலவரத்தைக் கேட்டறிந்த சமூகப் பணியாளருக்கு மட்டும் அது தெரியும். தெரிந்தும் அதை எழுதாவிட்டால், அரசின் குற்றம் நோயாளியின் தலையில் விழுகிறது.

குற்றம் என்பது மிகைச் சொல் அல்ல. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 18-ஆம் பிரிவில், அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலுள்ள மருந்துகள் சமூக சுகாதார நிலையம் தொடங்கி எல்லா அரசு மருத்துவ நிலையங்களிலும் எந்நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. கிடைக்காத ஒவ்வொரு நாளும் சட்டம் மீறப்படுகிறது. மருந்து கிடைக்கவில்லை என்பது ஒருவர் கேஸ் ஷீட்டில் மட்டும் இருந்தால் அது ஒருவருடைய கஷ்டம். ஒரே தாலுகாவிலிருந்து வரும் பலர் அதையே சொன்னால் அது சாட்சியம். பெயர், முகவரிகளை நீக்கி அதைத் தொகுத்து, மாவட்ட சுகாதார அதிகாரிக்கும் மாநில மனநல ஆணையத்துக்கும் அனுப்புவது சிகிச்சையின் ஒரு பகுதியே. அந்த ஆணையத்தில் மனநல சமூகப் பணியாளர் ஒருவர் உறுப்பினராக இருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அந்த நாற்காலி அலங்காரத்துக்குப் போடப்பட்டதல்ல.

மருத்துவமனை அனுபவம் நாட்டின் கொள்கையை மாற்றுமா என்று கேட்போருக்குக் கர்நாடகமே பதில். 1970-களின் நடுவில் நிம்ஹான்ஸ் குழுவினர் பன்னார்கட்டா பக்கத்துச் சகலவாராவில் கிராமத்து மனநலப் பணியைத் தொடங்கினார்கள். அங்கே கற்றதை 1985 முதல் பெல்லாரி மாவட்டத்துக்கு விரித்தார்கள். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களும் ஊழியர்களும் பயிற்சி பெற்றார்கள், சிகிச்சை ஊர்ப்பக்கம் போனது. 1996-ல் மத்திய அரசு நான்கு மாவட்டங்களில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்துக்கு அதுவே மாதிரி. நோயாளி வரட்டும் என்று கட்டடத்துக்குள்ளேயே காத்திருந்திருந்தால் பெல்லாரி நடந்திருக்காது.

ஊர்ப்பக்கம் சிகிச்சை போய்ச் சேராத இடத்தில் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாட்டின் ஏர்வாடி காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய்விட்ட குடும்பங்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று ஏசுவது எளிது. வேறு எங்கே போவது என்று அந்தக் குடும்பங்களுக்கு யார் வழி சொன்னார்கள்? இன்று சங்கிலியிடுவதைச் சட்டம் தடை செய்கிறது. தடை மட்டும் படுக்கையும் தராது, மருந்தும் தராது.

இதற்கெல்லாம் நேரமேது என்ற ஆட்சேபணை உண்மையானது, அதை ஒதுக்கித் தள்ள முடியாது. ஆனால் நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே எட்டவில்லை என்று கண்டது. அவர்கள் ஆலோசனை அறைக்கு வரவே இல்லை. அறைக்குள் எத்தனை மணி நேரம் உழைத்தாலும் அவர்களை எட்ட முடியாது. ஆகவே நேரத்தை ஒதுக்க வேண்டியது நிர்வாகம். களத்துக்குப் போவதும், மனு எழுதுவதும், அலுவலகம் அலுவலகமாகத் தொடர்வதும் பணிநேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். வார இறுதியில் செய்யும் தர்மமாக அவற்றை விட்டுவைக்கக் கூடாது.

சமூகப் பணியாளருக்கும் ஓர் எல்லை உண்டு. பெங்களூரில் ஆமெண்ட் போன்ற குடும்பத்தார் அமைப்புகள் தாமே பேசத் தெரிந்தவை. நோயோடு வாழ்பவர்களுக்கும் சொந்தக் குரல் உண்டு. அவர்களுக்குப் பதிலாகப் பேசுவது பணியாளரின் வேலையல்ல. அவர்கள் கையில் சட்டத்தையும் புள்ளிவிவரத்தையும் கொடுத்து, அதிகாரி முன்னால் உட்கார வைப்பதே வேலை.

பெங்களூரின் கட்டடங்களில் கல்லும் மண்ணும் சுமக்கும் தமிழ்க் குடும்பங்களின் நிலையைத் தனியாகக் கவனிக்க வேண்டும். நோய் வந்தது இங்கே, ரேஷன் கார்டு இருப்பது தருமபுரியில். மாற்றுத்திறனாளி உதவித்தொகை கேட்டால் இருப்பிடச் சான்று எங்கே என்கிறார்கள். சான்றுக்காக ஊருக்குப் போனால் வேலை போகிறது, சிகிச்சையும் அறுகிறது. எந்த ஆலோசனையும் இந்த முடிச்சை அவிழ்க்காது. இரு மாநில மனநல ஆணையங்களும் சேர்ந்து உட்கார்ந்து, சிகிச்சை பெறும் ஊரிலேயே உதவித்தொகைக்கு வழி செய்ய வேண்டும். அந்தக் கோரிக்கைக்கான ஆதாரம் ஓசூர் சாலையின் கேஸ் ஷீட்டுகளில் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தொகுத்து இரு அரசுகளின் மேசையிலும் வைக்கும் பொறுப்பு மனநல சமூகப் பணியாளர்களுடையது.