பொறியின் திறவுகோல் எவர் கையில்?

(திங்கட்கூட்டத்தில் ஆற்றிய உரை)



இலக்கணம் கற்பிக்கும் ஒருவன் கணினியைப் பற்றிப் பேச எழுந்தது உங்களுள் சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். ஆயினும் நாம் எழுதும் ஒவ்வோர் எழுத்தும் இன்று ஒரு பொறியின் வழியாகவே அச்சேறுகின்றது. அப்பொறி எவர்க்குக் கட்டுப்பட்டு நடக்கின்றது என்பது மொழித்தொண்டர் கேட்கவேண்டிய வினாவே ஆகும்.

என் வீட்டு மடிக்கணினி 2017இல் வாங்கியது. அதன் விசைகள் தேயவில்லை, திரையும் மங்கவில்லை. ஆயினும் அதிலிருந்த இயங்குதளத்தை ஆக்கிய நிறுவனம் 2025 அக்தோபரோடு அதற்கான பொதுப் பேணுகையை நிறுத்திற்று. புதிய பதிப்போ, செயலி பழையது என்று கூறி என் கணினியில் குடியேற மறுத்தது. உழைக்கும் எருதை அடிமாடாக விற்கச் சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? எனவே இலினக்சின்பால் திரும்பினேன்.

இலினக்சு என்பது, பின்லாந்தின் எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த இலினசு தோர்வால்டுசு 1991இல் தொடங்கிய கருவகம். கருவகமாவது, வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் மென்பொருள்களுக்கும் இடைநின்று ஆளும் நடுப்பகுதி. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம்.

இவ்வுரிமை வேட்கைக்கு முன்வரலாறு ஒன்று உண்டு. 1980ஐ ஒட்டி, அமெரிக்காவின் மசாசூசெட்சுத் தொழில்நுட்ப நிறுவனத்து ஆய்வகம் ஒன்றுக்குப் புதிய அச்சுப்பொறி வந்தது. தாள் சிக்கினால் காத்திருப்போர்க்கு அறிவிக்கும்படி, பழைய பொறியின் நிரலை இரிச்சர்டு சுடால்மன் திருத்தி வைத்திருந்தார். புதியதற்கும் அவ்வாறே செய்ய விரும்பினார், மூலநிரல் தரப்படவில்லை. அதனை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்து ஆய்வாளரும், எவர்க்கும் தருவதில்லை என உறுதி கொடுத்துவிட்டதாகக் கூறி மறுத்தார். சுடால்மன் 1983இல் கட்டற்ற மென்பொருள் முயற்சியை அறிவித்ததற்கு அந்நிகழ்ச்சியும் ஓர் ஏது. தன் முன்னிருக்கும் பொறியைத் தான் திருத்த இயலாமற் போன மானவுணர்ச்சியே அம்முயற்சிக்கு வித்தாயிற்று என்க.

இனி என் பட்டறிவுக்கு வருகின்றேன். தெபியன் என்னும் இலினக்சு வெளியீட்டை நினைவுக்கோல் ஒன்றின் வழியாக நிறுவினேன். திரை ஒளிர்ந்தது, ஒலி கேட்டது, தொடுபலகை விரலுக்கு இணங்கிற்று. தமிழ்99 விசையமைப்பும் உள்ளேயே இருந்தது, தெரிந்தெடுத்தலே வேலை. அருகலை மட்டும் உயிர்பெறவில்லை. கம்பியில்லா இணையம் இல்லையேல் இற்றைக் கணினி பாதிக் கணினியே. "இலினக்சு ஆகாது" என்று என் மனமும் ஒரு கணம் சோர்ந்தது.

ஆனால் குற்றம் எங்குள்ளது என்று அறியாமல் தீர்ப்பளிப்பது ஆசிரியனுக்கு அழகன்று. உறுப்புகளைப் பட்டியலிடும் கட்டளை ஒன்று இலினக்சில் உண்டு. அது ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் எண்ணையும், அதனை ஆளும் இயக்கியின் பெயரையும் காட்டும். இயக்கியாவது, கருவகம் அவ்வுறுப்போடு பேசுதற்குரிய மொழிபெயர்ப்பாளன். அருகலை உறுப்பிற்கு நேரே அவ்விடம் வெறுமையாயிருந்தது. அவ்வுறுப்பைச் செய்த நிறுவனம் முழு மூலநிரலைத் தராமல், மூடிய இயக்கி ஒன்றையே வெளியிட்டிருந்ததை அதன் எண்ணைக்கொண்டு தேடி அறிந்தேன். பூட்டியது வணிகர்; பழியோ இலினக்சுக்கு!

கைப்பேசியைக் கம்பியால் கணினியோடு இணைத்து, அதன் இணையத்தைக் கடன்பெற்றேன். மூடிய இயக்கியையும், அதனைக் கருவகத்தோடு பொருத்துதற்குரிய தலைப்புக் கோப்புகளையும் இறக்கி நிறுவினேன். அப்போதும் இயங்கவில்லை. கணினியின் காப்புத் தொடக்க அமைப்பு, கையொப்பமில்லாத இயக்கியை உள்ளே விட மறுத்தது. காப்பையே அணைத்துவிடுவது எளிய வழி. அதனை நான் செய்யவில்லை. என் கணினியிலேயே உருவான திறவுகோலைப் பதிவுசெய்யக் கட்டளையிட்டு, மறைச்சொல் ஒன்றைக் குறித்துக்கொண்டு, மீளத் தொடங்கினேன். நீலத்திரை ஒன்று தோன்றி அம்மறைச்சொல்லைக் கேட்டது, கொடுத்தேன். அருகலை எழுந்தது. என் பொறி என் கையொப்பத்தை ஏற்றுக்கொண்ட அந்நாளை நான் மறவேன்.

தோழர்களே, இங்கு ஒரு நெருடல் உண்டு. தூய்மை பேசும் நான், மூடிய நிரலை ஏன் உள்ளே விட்டேன்? இதே இடர்ப்பாடு தெபியன் அமைப்பினர்க்கும் நேர்ந்தது. உறுப்புகளுக்குள் ஏற்றப்படும் நிலைப்பொருள்கள் பல கட்டற்றவை அல்ல. அவையின்றிப் பல கணினிகள் செவ்வனே இயங்கா. அவர்கள் 2022இல் வாக்கெடுத்து, அவற்றை நிறுவல் தொகுப்பில் சேர்க்க இசைந்தனர். 2023இல் வந்த பதிப்பு அவ்வாறே அமைந்தது. ஆனால் அவற்றைத் தனிப் பிரிவில் வைத்து, 'கட்டற்றது அன்று' என்று பெயரிட்டே வைத்தனர். விருந்தாளியை வீட்டுக்காரன் என்று எழுதிவைக்கவில்லை! அயற்பெயரை எழுத நேரும்போதும் அது அயற்பெயரே என்று அறிந்தெழுதும் நம் நெறியும் இஃதன்றோ? ஒவ்வாததை ஒவ்வாதது என்று அறிந்து கொள்வது தோல்வியன்று. அதனையே இயல்பென்று மறப்பதுதான் தோல்வி.

மூடிய இயக்கியால் பின்னும் ஓர் இடர் உண்டு. திறந்த இயக்கியைக் கருவகத்தாரே கருவகத்தோடு வளர்த்துச் செல்கின்றனர். மூடியதோ, கருவகம் மாறுந்தோறும் மீண்டும் பொருத்தப்பட வேண்டும். செய்தவர் கைவிட்டால் ஒருநாள் பொருந்தாமலே போகலாம். ஆகவே என் அருகலை உறுப்பை, திறந்த இயக்கியுள்ள ஒன்றாக மாற்ற முடிவு செய்துள்ளேன்.

உங்கட்கும் சொல்வேன். நிறுவுமுன், நினைவுக்கோலிலிருந்தே இலினக்சை இயக்கிப் பாருங்கள். ஒலி, அருகலை, படக்கருவி, உறங்கி எழுதல் ஆகியவற்றை ஒவ்வொன்றாய்த் தேருங்கள். புதிது வாங்குவோர், உறுப்புகளுக்குத் திறந்த இயக்கி உண்டா என்று கடையிலேயே கேளுங்கள். கேட்பார் இல்லாத இடத்தில் பூட்டுவார்க்குக் கொண்டாட்டம். பழைய கணினியைப் பரணில் எறியாது, படிக்கும் பிள்ளையின் கையில் தமிழ் விசையமைப்போடு கொடுங்கள்.

உரிமை என்பது மேடையில் முழங்குவது மட்டுமன்று. நம் கையிலுள்ள பொறி ஏன் இயங்கவில்லை என்று நாமே அறிய முயல்வதும் உரிமையே. அம்முயற்சியை இன்றே தொடங்குவோம்!

வெல்க தமிழ்!